போனவர்க்கும் பாத்தியதை உண்டு

தேசத்தை விட்டு நெடுங்காலத்துக்கு முன்னே போய்விட்ட ஒருவர் அந்தத் தேசத்தின் குறையொன்றை எடுத்துச் சொல்லத் தொடங்கிய மாத்திரத்தில், அவர் சொல்வது மெய்யா பொய்யா என்று ஆராய்வதற்கும் முன்னாலேயே, ‘போனவனுக்கு இங்கே என்ன பேச்சு?’ என்று கேட்டு அவர் வாயை அடைத்துவிடுவது, படித்தவர், பாமரர், ஆளுவோர், ஆளப்படுவோர் ஆகிய எல்லோருக்கும் பொதுவான வழக்கமாகிவிட்டது. இருந்து கஷ்டப்படுகிறவனுடைய ரோஷம் அந்தக் கேள்வியில் தொனிப்பதால், கேட்போருக்கு அது நியாயமாகவும் தோன்றிவிடுகிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அது போனவருக்குச் செய்கிற அநியாயம். அதைக் காட்டிலும், இருக்கிறவர்கள் தங்களுக்கே செய்துகொள்கிற பெரிய அநியாயம்.

இதைச் சொல்லுகிற நான் போனவன் அல்லன். கொடைக்கானலிலிருந்து மேற்கே ஏறக்குறைய 40 கிலோமீட்டரில், பூம்பாறைக்கு அப்பால், ஏரியும் சோலைக் காடும் படிக்கட்டு வயல்களும் சூழ்ந்த கூக்காலில் பிறந்து, இங்கேயே உழுது, இங்கேயே இருப்பவன். ஆகவே என் வழக்கில் சுயநலம் இல்லை. இருக்குமானால், இங்கே இருக்கிறவன் என்ற முறையில், நம்மைப் பற்றிய உண்மையைச் சொல்லக்கூடிய ஒரு குரலையும் இழந்துவிடக் கூடாதே என்கிற சுயநலம்தான்.

எங்கள் ஊரிலேயே அந்தக் கேள்வி எப்படிப் பிறக்கிறது என்பதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். பூண்டு எடுத்து முடிந்திருந்த சமயம். அடுப்புப் புகை படும்படி விதைப்பூண்டைக் கட்டுக்கட்டாக மேலே தொங்கவிட்டிருந்த ஒரு வீட்டில் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தோம். பல வருஷங்களாக வளைகுடா நாட்டில் வேலை பார்க்கும் இளைஞன் ஒருவன் விடுமுறையில் வந்திருந்தான். “மருந்தடிச்ச டேங்க ஓடையிலயே கழுவுறோம் பெரியப்பா, காலி டப்பாவையும் கரையிலயே எறியுறோம். கீழ அதே தண்ணியத்தான நம்ம பிள்ளைக மோந்து குடிக்குது?” என்றான். எதிரே இருந்த பெரியவர் சட்டென்று சொன்னார்: “ஏப்பா, நீ அங்கிட்டு ஏசி ரூம்ல உக்காந்துக்கிட்டு எங்களுக்குப் புத்தி சொல்ல வந்துட்டியாக்கும். இங்க இருந்து மருந்தடிக்காம ஒரு போகம் எடுத்துக் காட்டு, பொறவு பேசு.” அவன் தலையைக் குனிந்துகொண்டான். அதே பெரியவர் மறுநாள் காலையில் கோயில் கும்பாபிஷேகத்துக்கான ரசீதுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போய், “ஊர்ப்பிள்ளை நீயே செய்யாட்டி வேற யாரு செய்வா?” என்று பூரண உரிமையோடு கேட்டார். அவனும் கொடுத்தான்.

அந்தப் பெரியவர் கெட்டவரல்லர். அவர் சொல்லியிருக்கக்கூடிய நல்ல பதிலும் ஒன்று உண்டு: மருந்தடிக்காவிட்டால் நோய் விழுகிறது, நோய் விழுந்த பூண்டுக்கு வடுகபட்டிச் சந்தையில் விலையில்லை, கழுவுவதற்கு வேறு தொட்டி கட்டப் பஞ்சாயத்தில் பணமில்லை என்று அவர் விரித்துச் சொல்லியிருப்பாரானால், அவன் அறியாத சங்கதிகளை அவனும், அவர் யோசியாத ஆபத்தை அவரும் அறிந்துகொண்டு, தொட்டி கட்டுவதைப் பற்றிய பேச்சாக அது முடிந்திருக்கும். ‘நீ போனவன்’ என்ற ஒரே சொல் அந்தச் சம்பாஷணையை முளையிலேயே கிள்ளிவிட்டது. ஓடை எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது.

ஓர் ஊர்ப் பெரியவர் செய்ததையே தேசங்களும் செய்கின்றன. வெளிநாடுகளில் வாழும் இந்தியர் 2024ஆம் ஆண்டில் மட்டும் தாய்நாட்டுக்கு அனுப்பிய பணம் சுமார் 12,900 கோடி டாலர் என்று உலக வங்கி மதிப்பிட்டிருக்கிறது. அந்தப் பணத்தை வாங்கிக்கொள்ளும்போது அனுப்பியவன் எத்தனை வருஷம் வெளியே இருந்தான் என்று யாரும் கேட்பதில்லை. அவன் நம்மைப் புகழ்ந்து பேசினால், தூரதேசத்திலிருந்தும் மண்ணை மறக்காத மைந்தன் என்று மாலை போடுகிறோம். ஐயா, தூரம் அறிவைக் கெடுக்குமானால் அவனுடைய புகழ்ச்சியையும் கெடுத்திருக்க வேண்டும். பிரிவு பாத்தியதையை அழிக்குமானால் அவனுடைய பணத்தை வாங்கிக்கொள்ளும் நம் பாத்தியதையும் அதனோடு அழிந்திருக்க வேண்டும். கண்டனத்துக்கு மாத்திரம் குறுக்கே வந்து நிற்கிற தூரத்தை நான் தூரமென்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

மத்திய அரசாங்கம் 2003 முதல் வெளிநாடுவாழ் இந்தியர் தினத்தைக் கொண்டாடுவதற்குத் தேர்ந்துகொண்ட நாள் ஜனவரி 9. காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவிலிருந்து 1915இல் பம்பாய்த் துறைமுகத்தில் வந்திறங்கிய நாள் அது. அந்த நாளைத் தேர்ந்தவர்கள் அந்த மனிதர் செய்த காரியத்தை நினைத்துப் பார்த்தார்களா என்று எனக்குச் சந்தேகமாயிருக்கிறது. அவர் 1893இல் போனவர். இடையிடையே சில காலம் வந்து போனது நீங்கலாக, இருபதாண்டுகளுக்கு மேல் வெளியிலேயே வாழ்ந்தவர். அந்த வெளிவாசத்தின் நடுவில், 1909இல், லண்டனிலிருந்து தென்னாப்பிரிக்காவுக்குத் திரும்பும் கப்பலில் உட்கார்ந்து ‘ஹிந்த் ஸ்வராஜ்’ என்ற நூலை எழுதி, இந்தியாவின் ரயிலையும் வக்கீல்களையும் வைத்தியர்களையும், ஆங்கிலேயரைப் போலாகத் துடித்த இந்தியப் படிப்பாளிகளின் ஆசையையும் தயவு தாட்சணியமின்றிக் கண்டித்தார். பதினாறு வருஷம் வெளியில் இருந்தவருக்கு இந்த அதிகாரத்தை யார் கொடுத்தார்கள் என்று கேட்டு அந்த நூலைத் தூர எறிந்திருந்தால், நாம் எறிந்திருப்பது எதை? திரும்பி வந்த பிறகாவது அவர் ‘இருந்து காட்டிப் பிறகு பேசுவோம்’ என்று காத்திருந்தாரா என்றால் அதுவும் இல்லை. வந்து ஒரு வருஷத்துக்குச் சற்றே மேலான 1916 பிப்ரவரியில், காசியில் இந்து சர்வகலாசாலையின் ஆரம்ப விழாவில், மகாராஜாக்களும் பிரமுகர்களும் வீற்றிருந்த சபையில் எழுந்து, விசுவநாதர் ஆலயத்துச் சந்துகளின் அசுத்தத்தையும் மன்னர்களின் நகைகளையும் குறித்து அவர் பேசிய பேச்சைக் கேட்கச் சகியாமல், அன்னி பெசன்ட் அம்மையார் இடைமறித்தார்; மேடையிலிருந்தவர்கள் எழுந்து போனார்கள். அந்தச் சந்துகளில் தினந்தினம் நடந்தவர்களுக்கு அந்த அசுத்தம் கண்ணில் படாமல் போயிருந்தது. நெடுநாள் வெளியில் இருந்து வந்த கண்ணுக்கு அது முதற்பார்வையிலேயே பட்டது.

தாதாபாய் நவ்ரோஜி இந்தியாவின் வறுமையைக் கணக்கிட்டு எழுதிய நூல் 1901இல் வெளிவந்தது லண்டனில். பாரதியார் பத்து வருஷம் பிரிட்டிஷ் இந்தியாவைப் பற்றிப் பேசியது பிரெஞ்சுக் கொடி பறந்த புதுச்சேரியிலிருந்து. எல்லைக்கு வெளியே நின்று பேசப்பட்டதென்று ஒதுக்கத் தொடங்கினால், நம்முடைய சுதந்திர இலக்கியத்தில் மிஞ்சுவது கொஞ்சமே.

ஆட்சேபிப்பவர்கள் இங்கே தங்கள் பலத்த வாதத்தை எடுப்பார்கள். ‘இருக்கிறவன் விலை கொடுக்கிறான், போனவன் விலை கொடுக்காமல் பேசுகிறான்’ என்பது அது. போனவன் எதுவுமே கொடுக்கவில்லை என்பது முதலில் உண்மைதானா என்று பார்க்க வேண்டும். அதற்கு நான் தூரம் போக வேண்டியதில்லை, இந்த மலையே சாட்சி. இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகப் பாடுபட்ட தமிழர்களை, 1948ஆம் வருஷத்துப் பிரஜாவுரிமைச் சட்டம் பிறந்த நாட்டிலேயே பிரஜையல்லாதவர்களாக ஆக்கிற்று. அடுத்த வருஷமே வாக்குரிமையும் போயிற்று. பிறகு 1964 அக்டோபர் 30இல், சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில், அந்த ஜனங்களை ஒரு வார்த்தை கேளாமலேயே, 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும் 3,00,000 பேரை இலங்கை ஏற்பதென்றும், மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வதென்றும் பங்கு போட்டார்கள். அப்படி அனுப்பப்பட்டவர்களில் ஒரு பகுதியார் நீலகிரிக்கு வந்தார்கள். ஒரு பகுதியார் இந்தப் பழனி மலைத்தொடரில், கொடைக்கானல் பக்கத்துச் சீகை, யூகலிப்டஸ் தோப்புகளில், மரம் வெட்டுகிற கூலிகளாக வந்து சேர்ந்தார்கள். கொழுந்து கிள்ளிப் பழகிய கைகள் கோடரி பிடித்தன. அவர்களில் ஒருவர், தம் பாட்டனும் பாட்டியும் புதைந்து கிடக்கிற கண்டிச் சீமையைப் பற்றி, அந்நாட்டு அரசாங்கம் தமக்குச் செய்ததைப் பற்றிப் பேசினால், ‘நீங்கள்தான் போய்விட்டீர்களே’ என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? வருமானால், விமரிசனத்தை ஒழிப்பதற்கு விமரிசிப்பவனை நாடு கடத்தினால் போதும் என்ற சூத்திரத்தை நாமே எல்லாக் கொடுங்கோலருக்கும் எழுதிக் கொடுத்தவர்களாவோம். எவன் மிக அதிகமான அநியாயத்துக்கு ஆளானானோ அவனே பெரும்பாலும் போனவன். போனதையே அவனுடைய தகுதிக்குறைவாக்கினால், அநியாயம் தன்னுடைய முதல் சாட்சியைத் தானே அப்புறப்படுத்திக்கொள்கிறது.

‘அவர்கள் துரத்தப்பட்டவர்கள், சம்பளத்துக்காகத் தாமாகப் போனவர்கள் வேறு’ என்று இதற்கும் சமாதானம் சொல்வார்கள். வேறுதான், ஆனால் எவ்வளவு வேறு? மேல்மலைக் கிராமமொன்றில் மேல்படிப்புக்கு வழியில்லை, அவசரத்துக்கு ஆஸ்பத்திரி அருகில் இல்லை, நாலு மாதம் பாடுபட்டு எடுத்த காரட்டுக்கும் உருளைக்கிழங்குக்கும் இன்ன விலை வருமென்ற நிச்சயமில்லை. ஆகவே பிள்ளை போகிறான். அவன் எந்தக் குறையினால் போனானோ அந்தக் குறையைப் பற்றித்தான் பிறகு பேசுகிறான். இந்தக் குன்னுவர் சமூகத்துக் கிராமங்களில் வழிவழியாகச் சொல்லப்படும் கதையே, தங்கள் முன்னோர் பஞ்சத்துக்கும் கலகத்துக்கும் தப்பிக் கோயம்புத்தூர்ச் சீமையின் சமவெளியை விட்டு மலையேறி வந்தார்கள் என்பதுதான். போனவர்களின் பேரப்பிள்ளைகளாகிய நாம் போகிறவர்களைப் பார்த்து முகம் சுளிக்கலாகுமா?

இனி, ‘தூரத்தில் இருப்பவனுக்கு யதார்த்தம் தெரியாது’ என்ற வாதம். சில விஷயங்களில் தெரியாதுதான். மருந்தில்லாமல் பூண்டு எடுப்பதன் கஷ்டம் அந்த இளைஞனுக்குத் தெரியாமல் இருந்தது. ஆனால் அருகில் இருப்பதே அறிவாகிவிடாது. கொடைக்கானல் செயின்ட் மேரீஸ் சாலையில் இருந்த தெர்மாமீட்டர் தொழிற்சாலையை நினைத்துப் பாருங்கள். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுனில் இருந்த ஆலையை எடுத்து, 1980களின் முற்பகுதியில் இங்கே கொண்டுவந்து நாட்டினார்கள். பிறகு அது ஹிந்துஸ்தான் லீவரின் வசமாயிற்று. அதன் மதிலுக்குள் வருஷக்கணக்காகப் பாதரசத்தைக் கையாண்ட தொழிலாளிகளைவிட அருகில் இருந்தவர்கள் யார்? அதன் அபாயம் தங்களுக்குச் சரிவரச் சொல்லப்படவில்லை என்பதே அவர்கள் முறையீடு. பாதரசம் படிந்த கண்ணாடிக் குப்பை மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய சாமான் கிடங்கில் கிடந்தது 2001 மார்ச்சில் ஊரறிய வெளிப்பட்ட பிறகுதான் ஆலை மூடப்பட்டது. சுமார் 290 டன் பாதரசக் கழிவு 2003இல் கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பிற்று. ஆலையினால் உடல்நலம் கெட்டதென்பதை நிறுவனம் ஒப்பவில்லை. என்றாலும் 2016இல் 591 முன்னாள் தொழிலாளிகளோடு உடன்படிக்கை செய்துகொண்டது. மண்ணைச் சுத்தம் செய்வதற்குக் கிலோவுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் மிஞ்சலாம் என்ற அளவு நிர்ணயிக்கப்பட்டபோது, பிரிட்டனில் ஒரு குடியிருப்பு நிலத்தில் இதை அனுமதிப்பார்களா என்ற கேள்வி எழுந்தது. அது இரண்டு தேசங்களை அறிந்தவர்கள் கேட்கக்கூடிய கேள்வி. ஒரே தேசத்தை மட்டும் அறிந்தவன், தன் நாட்டில் நடப்பதே உலக நியதியென்று நம்பிவிடுகிறான்; வேறோர் இடத்தில் வேறுவிதமாக நடக்கிறது, நடக்க முடியும், என்று அவனுக்குச் சொல்ல, இரண்டையும் கண்டவன் வேண்டும்.

இதே மலையின் புல்வெளிகளைப் பற்றிய உதாரணம் ஒன்றும் உண்டு. பழனி மலையுச்சிகளில் பரந்திருந்த புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு நாற்பதாண்டுகளுக்குள் தோப்புகளாகவும் விளைநிலங்களாகவும் மாறிப்போனதென்று 2018இல் ஓர் ஆராய்ச்சி விஞ்ஞான சஞ்சிகையில் வெளியாயிற்று. அதைச் செய்தவர்களில் தமிழ்நாட்டுக்காரரும் உண்டு. கொடைக்கானலில் பள்ளிப்படிப்பு படித்துக் கொழும்பில் ஆசிரியப் பணி செய்துவந்த இயன் லாக்வுட் என்ற அமெரிக்கரும் உண்டு. இங்கிலாந்திலிருந்து வந்து வட்டக்கானலில் சோலை மரக் கன்றுகளை வளர்த்த பாப் ஸ்டூவர்ட்டும் உண்டு. வந்தவர், போனவர், இருந்தவர் மூவரும் ஒரே மலையைப் பார்த்து ஒரே முடிவுக்கு வந்தார்கள். அழிந்த புல் இன்னாரால் எண்ணப்பட்டது என்பதற்காக மீண்டும் முளைக்குமா?

ஒரு வாதத்தை நான் மரியாதையோடு எதிர்கொள்ள வேண்டும். இலங்கைப் போர்க்காலத்தில், டொரொண்டோவிலும் லண்டனிலும் பத்திரமாக இருந்துகொண்டு, வன்னியில் இருக்கிற பிள்ளைகள் இன்னும் சாகட்டும் என்று உற்சாகப்படுத்தியவர்கள் உண்டு என்று, 2009க்குப் பின் ஈழத்தமிழரிடையிலேயே மனம் நொந்து பேசினவர்கள் பலர். அந்த நோவு நியாயமானது. ஆனால் அங்கே நடந்த தவறு விமரிசனம் அன்று. பிறர் உயிரைப் பணயம் வைத்து ஏவியதே தவறு. தான் போகாத போருக்கு அடுத்தவன் மகனை அனுப்ப எவனுக்கும் அதிகாரமில்லை, அவன் யாழ்ப்பாணத்திலேயே இருந்தாலும் இல்லை. ‘இதைச் செய்யாதே, இது கொலை’ என்று சொல்வதற்கோ, எங்கிருந்தும் எவருக்கும் அதிகாரமுண்டு. இங்கிலாந்திலிருந்து திரும்பி வந்து, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் கற்பித்துக்கொண்டு, ‘முறிந்த பனை’ நூலை எழுதியவர்களில் ஒருவராகி, எல்லாத் தரப்பாரின் வன்முறையையும் கண்டித்த ரஜனி திராணகம, 1989 செப்டம்பர் 21ஆம் நாள் அந்த ஊர்த் தெருவிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். ‘வந்து இருந்து பேசு’ என்ற நிபந்தனையை அவர் முழுமையாக நிறைவேற்றினார். இருந்து பேசினவருக்கு அதுதான் கதியென்றால், உயிரைக் காத்துக்கொண்டு வெளியே நின்று பேசுகிறவரை ‘இங்கே வந்து பேசு’ என்று அழைப்பது எதற்கு அழைப்பது?

நம் வீடுகளிலேயே இந்த வழக்கு ஒருமுறை நடந்து தீர்ப்பும் ஆகியிருக்கிறது. ‘கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டில் என்ன பேச்சு?’ என்பது நாம் வெகுகாலம் சொல்லிவந்த சொல். தமிழ்நாட்டில் 1989இல் பெண்களுக்கும் பூர்விகச் சொத்தில் சமபங்கு உண்டென்று சட்டம் வந்தபோதுகூட, அதற்கு முன் கல்யாணமாகிப் போனவளுக்குப் பங்கில்லை என்று விலக்கு வைத்தார்கள். போனவள் போனவள்தான் என்ற அந்த மிச்சசொச்ச எண்ணத்தை 2005ஆம் வருஷத்து மத்தியச் சட்டம் துடைத்தது. மணமானவளும் மகள்தான் என்றாயிற்று. இதனால் எந்தக் குடும்பமும் குடிமுழுகிப் போய்விடவில்லை.

தேசத்தின் விஷயத்திலோ நாம் எதிர்த்திசையில் நடக்கிறோம். வெளிநாட்டில் இருந்தாலும் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவன் வாக்காளர் பட்டியலில் பெயர் பதிந்து, நேரில் வந்து வாக்களிக்கலாம் என்று 2010இல் திருத்தப்பட்ட சட்டம் சொல்லுகிறது. போனதால் பாத்தியதை போகாது என்பதைச் சட்டமே ஒத்துக்கொண்ட இடம் அது. ஆனால் அயல்நாட்டுப் பிரஜையாகி, கடல்கடந்த இந்தியர் என்ற அட்டை வைத்திருப்பவர்கள், பத்திரிகைத் தொழிலோ ஆராய்ச்சியோ இங்கே செய்ய விசேஷ அனுமதி பெற வேண்டுமென்று 2021 மார்ச்சில் அறிவிக்கை வந்தது. ஸ்வீடனில் பேராசிரியராக இருக்கும் அசோக் ஸ்வைனின் அட்டையை அரசாங்கம் ரத்து செய்தபோது, காரணம் சொல்லப்படாத அந்த உத்தரவை டில்லி உயர்நீதிமன்றம் 2023 ஜூலையில் தள்ளிற்று. உடனே மறுபடியும் ரத்து செய்தார்கள். அதையும் 2025இல் நீதிமன்றம் தள்ளிற்று. அவருடைய அபிப்பிராயங்களில் எனக்கு எவை உடன்பாடு, எவை மாறுபாடு என்பது இங்கே பிரஸ்தாபமில்லை. அவர் சொன்னது பொய்யானால், பொய்யென்று காட்டும் சாதனங்கள் ஓர் அரசாங்கத்தின் கையில் எத்தனையோ உண்டு. அவற்றில் ஒன்றையும் எடுக்காமல், வயதான தாயைப் பார்க்க வரும் வழியை அடைப்பது பதிலாகாது. பதில் இல்லாதபோதுதான் அப்படிச் செய்யத் தோன்றும்.

எங்கள் கிராமசபை கூடும்போது ஓடைக் கரையில் டேங்க் கழுவுவதற்குத் தனித் தொட்டியும், காலி மருந்து டப்பாக்களைச் சேகரிக்க ஓர் ஏற்பாடும் வேண்டுமென்று மனுக்கொடுக்கப் போகிறேன். வாசகம் அந்த இளைஞன் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பியது. ஒரு சொல்லையும் நான் மாற்றவில்லை. அவன் விடுமுறை அப்போது வராது என்பதால் கையொப்பம் என்னுடையது. அதை எதிர்ப்பவர்கள், தொட்டி ஏன் கூடாது என்பதற்குக் காரணம் சொல்லட்டும், கேட்கக் காத்திருக்கிறேன். எழுதினவன் எந்த ஊரில் இருக்கிறான் என்பதை மாத்திரம் காரணமாக ஏற்க மாட்டேன்.